கை நனைக்காத சம்பந்தி

இட்லியா அண்ணாச்சி? வேண்டாம் வேண்டாம், நீங்க சாப்பிடுங்க. நான் ஒண்ணும்... சரி, இவ்வளவு சொல்லுதீங்க, ஒண்ணே ஒண்ணு வைங்க. மிளகாப்பொடி தடவி நல்லெண்ணெய் ஊத்துனதா? இலையப் பிரிக்கும்போதே தெரிஞ்சிட்டு எனக்கு. காலைலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல அண்ணாச்சி. வீடு வாசல் இல்லாதவன் இல்ல நான். பொஞ்சாதி இருக்கா, அடுப்பு இருக்கு, பால்காரன் விடியுமுன்ன பால் ஊத்திட்டுப் போயிட்டான். ஆனா காப்பி கூட போட மாட்டேன்னுட்டா. "பசியோட போங்க. அப்பந்தான் அங்க போயி சாப்பிடுவிய"ன்னு சொல்லிட்டு, அடுக்களைக் கதவப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிட்டா. குடிநீர் வடிகால் வாரியத்துல முப்பது வருஷம் குப்பை கொட்டி ரிட்டையர் ஆன மனுஷன பட்டினி போட்டு பஸ் ஏத்தி விடுதா.

'அங்க'ன்னா பாவூர்சத்திரம். எங்க சம்பந்தி வீடு. நீங்க தென்காசி வரைக்குமா? அப்பம் நான் முன்னாடியே எறங்கிருவேன்.

நீங்க வயசுல பெரியவரா இருக்கிய, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. வர்ற ஆவணில என் மகளுக்குக் கல்யாணம். ஒரே மக. மண்டபம் பிடிச்சாச்சு, சமையலுக்கு ஆள் பேசியாச்சு, பத்திரிகை அடிச்சு பாதி ஊருக்குக் குடுத்தாச்சு. இப்பம் போயி மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொல்லுதாவ, கல்யாணத்துக்கு வருவோம், தாலி கட்டுவோம், ஆனா ஒருத்தர்கூட பந்தியில உக்கார மாட்டோம்னு. ஒருத்தர்கூட! கேள்விப்பட்டிருக்கியளா இப்படி? கல்யாண வீட்டுல மாப்பிள்ளை கூட்டம் கை நனைக்காம எந்திரிச்சுப் போனா, பொண்ணப் பெத்தவன் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பான்? எங்க சொந்தக்காரன் ஒவ்வொருத்தனும் என் முன்னால 'அடடா'ம்பான், அந்தப் பக்கம் போயி சிரிப்பான்.

நான் என்ன தப்பு பண்ணேன்னு இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குப் பிடிபடல.

மக பேரு மங்கையர்க்கரசி. மங்கைன்னு கூப்பிடுவோம். தென்காசியில பேங்க்ல வேல. அங்கயே ஹாஸ்டல். அதே பேங்க்ல இந்தப் பையன். இசக்கிராஜான்னு பேரு. போன தைப்பொங்கலுக்கு வந்தவ, பொங்கப்பானைய எறக்கக்கூட இல்ல, "அப்பா, நான் ஒருத்தர கட்டிக்கிடலாம்னு இருக்கேன்"ங்கா. யாரு என்னன்னு கேட்டேன். சொன்னா. நம்ம ஆளு இல்ல. சரி, நாங்க சைவம், அவங்க கறி மீன் எல்லாம் சாப்பிடுத ஆளுங்க. வேற ஒருத்தனா இருந்தா என்ன பண்ணியிருப்பான்? குதிச்சிருப்பான், கையில கிடைச்சத எடுத்து வீசியிருப்பான். நான் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லல அண்ணாச்சி. "ஒனக்குப் பிடிச்சிருக்கா? எனக்கு சம்மதம்"னேன். எங்க தெருவே வாயப் பொளந்து நின்னுட்டு. என் பெரியப்பா மகன் ஒருத்தன், "என்னடே, இப்படி எறங்கிட்ட?"ன்னு கேட்டான். "காலம் மாறிட்டுல்லா"ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னேன். அன்னைக்கு மங்கை என்னப் பாத்த பார்வை இருக்கே... அத விடுங்க.

இன்னொண்ணு வைக்கியளா? வைங்க. வீட்டுல அரைச்ச பொடிதானே? எள்ளு போட்டிருக்காவ. அதான் இந்த ருசி.

முதல் தடவ அவங்க வீட்டுக்குப் போனது பங்குனி கடைசியில. நல்ல வீடு, குறை சொல்ல முடியாது. வாசல்ல கோலம், உள்ள முருகன் படம், எல்லாம் சுத்தம். மாப்பிள்ளையோட அம்மா பேரு பேச்சியம்மா. தலைவாழை இலையா நறுக்கி வச்சிருந்தாவ. எல்லாம் சைவச் சமையல். எங்களுக்காக புதுசா பாத்திரம் வாங்குனதா வேற சொன்னாவ. நான் சொல்லிட்டேன், "இன்னும் பேச்சு முடியலல்லா. சம்பந்தம் முடிவாகாம கை நனைக்கிறது எங்க வழக்கம் இல்ல"ன்னு. வழக்கம்தானே அது? ஊரு உலகத்துல உள்ளதுதானே? அவங்களும் சரின்னுட்டாவ. தப்பா எடுத்துக்கிடவே இல்ல. அந்த அம்மா பாவம், ஆக்குனத அப்படியே மூடி வச்சாவ. கூட்டு, அவியல், தேங்காப்பால் சொதி எல்லாம் பண்ணியிருந்தாவ போல. சொதி வாசனை மட்டும் கூடம் வரைக்கும் வந்துட்டு.

சித்திரையில நிச்சயம் முடிஞ்சிட்டு. அப்புறம் அந்த வழக்கத்தச் சொல்ல முடியாதுல்லா. அடுத்த தடவ போகும்போது இலை போட்டுட்டாவ. ஆவுடை, எங்க வீட்டுல, அவ பாட்டுக்குப் போயி முதல் ஆளா உக்காந்துட்டா. நான் நிக்கேன். வாயில வந்தது, "இன்னைக்கு எனக்கு சஷ்டி விரதம்"ன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான் அண்ணாச்சி. அதுல என்ன குத்தம்? சாப்பிட மாட்டேன்னு சொன்னேனா? உங்க வீட்டுல சாப்பிட மாட்டேன்னு சொன்னேனா? சாமி பேரச் சொன்னேன். யார் மனசும் நோகாம இருக்கணும்னுதான் சொன்னேன். ஆவுடை நிமிந்து ஒரு பார்வை பாத்தா, அப்புறம் குனிஞ்சு ரெண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டா. ஒரு பொம்பளைக்கு வீட்டுக்காரன் மானம் பெருசா, அவியல் பெருசா, நீங்களே சொல்லுங்க.

எனக்கு அவங்க மேல ஒண்ணும் கிடையாது. சத்தியமா கிடையாது. கொஞ்சம் மனசு ஒப்பணும்லா? புதுப்பாத்திரம்தான், இல்லங்கல. அடுப்பு பழைய அடுப்புதானே.

இதுல ஒரு கூத்து நடந்துட்டு. அந்த அம்மா பேச்சியம்மா, நான் சொன்னத அப்படியே நம்பிட்டாவ. "அண்ணே, எவ்வளவு பக்தி உங்களுக்கு!"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாவ. எனக்குக் கூச்சமாப் போயிட்டு. அதுக்கப்புறம் நகைக்குப் போகணும், பட்டுக்குப் போகணும், மண்டபம் பாக்கணும்னு மாசம் ஒரு தரமாவது போக வர இருக்கும்லா. ஒரு தரம் கார்த்திகை விரதம்னேன். அந்த அம்மா ஓடிப்போயி பாலும் பழமும் கொண்டாந்து வைக்காவ. விரதக்காரங்க பால் பழம் சாப்பிடலாமாம். "எனக்கு அதுகூட ஆகாது, அது வேற மாதிரி வேண்டுதல்"ன்னு சொல்லித் தப்பிச்சேன். இன்னொரு தரம் பிரதோஷம்னேன். "அண்ணே, பிரதோஷம் நாளைக்குல்லா?"ன்னு கேட்டுட்டாவ. காலண்டர் பாக்காம வாய விட்டுட்டேன் பாத்துக்கிடுங்க. சட்டுனு, "அது திருக்கணிதம்மா. எங்களுக்கு வாக்கியப் பஞ்சாங்கம்"னுட்டேன். நம்பிட்டாவ. வெள்ளந்தியான பொம்பள. நானும் அதோட விட்டுட்டேன்.

அந்தப் பக்கம் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? அந்த அம்மா வீட்டுல என்ன பண்ணியிருக்காவ, நான் இருக்கேன்னு சொன்ன விரதத்த எல்லாம் அவங்களும் இருக்க ஆரம்பிச்சிட்டாவ. சஷ்டி, கார்த்திகை, பிரதோஷம், ஒண்ணு விடல. "பொண்ணு வீட்டு அண்ணே பிள்ளைகளுக்காக இவ்வளவு விரதம் இருக்காரு, மாப்பிள்ளையப் பெத்தவ நான் இருக்க வேண்டாமா?"ன்னு. அவங்களுக்கு சர்க்கரை வியாதி. மாத்திரை போடுத ஆளு. மாத்திரையப் போட்டுக்கிட்டு வயித்தக் காயப் போட்டா என்ன ஆகும்? ஆனி மாசம் ஒரு பிரதோஷத்தன்னைக்கு, கெணத்தடியில தண்ணி எடுக்கப் போனவங்க அப்படியே சரிஞ்சு விழுந்துட்டாவ. நெத்தியில தையல். ஆஸ்பத்திரியில சேத்து, சர்க்கரத் தண்ணி ஏத்தி, பெரிய அமளி ஆயிட்டு.

நானா விரதம் இருக்கச் சொன்னேன்? சொல்லுங்க. நான் சொன்னேனா?

மங்கைதான் பக்கத்துல இருந்து பாத்திருக்கா. லீவு போட்டு அங்கயே கிடந்திருக்கா. கண்ணு முழிச்ச உடனே அந்த அம்மா கேட்டது என்னன்னு நினைக்கிய? "நான் நடுவுல விரதத்த முறிச்சிட்டேனே, அண்ணே வருத்தப்படுவாரா?"ன்னு. அவ்வளவுதான், என் மக பொறுக்க முடியாம வாயத் திறந்துட்டா. "அத்தை, எங்கப்பாவுக்கு எந்த விரதமும் கிடையாது. அவரு பிரதோஷத்தன்னைக்கும் மூணு வேளையும் நல்லாத்தான் சாப்பிடுவாரு"ன்னு சொல்லியிருக்கா. பெத்த மக அண்ணாச்சி! அப்பன விட்டுக் குடுத்துட்டா. ஒரு வார்த்தை எனக்கு போன் பண்ணி, "அப்பா, இப்படி ஆயிட்டு, என்ன சொல்ல?"ன்னு கேட்டிருந்தா நான் ஏதாவது சொல்லிக் குடுத்திருப்பேன்.

எந்த ஊரு இது, ஆலங்குளமா? கூட்டம் ஏறுது பாருங்க. உங்க பைய இப்படித் தாங்க, நான் மடியில வச்சிக்கிடுதேன். இட்லி இன்னும் இருக்கா? நீங்க சாப்பிடலையா? சரி, வீணாக்க வேண்டாம், வைங்க. உங்க வீட்டு அம்மாவுக்குக் கைமணம் இருக்கு அண்ணாச்சி. பஞ்சு மாதிரி அவிச்சிருக்காவ.

எங்க விட்டேன்? ஆங். அதுக்கப்புறம் சம்பந்தி போன் பண்ணாரு. தவசிக்கண்ணுன்னு பேரு. மரக்கடை வச்சிருக்காரு. அதிகம் பேச மாட்டாரு. மண்டபம் பாக்கப் போன அன்னைக்கே அவருக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆனத நான் கவனிச்சேன். அங்க மாடியில ஒரு சாப்பாட்டுக் கூடம், கீழ ஒண்ணு. நான் மண்டபத்துக்காரன்ட்ட, "எங்க ஆளுக மாடியில, மாப்பிள்ளை ஆளுக கீழ"ன்னு சொன்னேன். எதுக்கு? கூட்ட நெரிசல் இருக்கக் கூடாதுன்னுதான். வசதிக்காக. அவரு, "உங்க ஆளுகள்ல வயசானவங்க நெறய பேரு. மாடியேறச் சிரமப்படுவாங்களே சம்பந்தி"ன்னாரு. "அதெல்லாம் ஏறிருவாவ"ன்னேன்.

போன்ல என்ன சொன்னாரு தெரியுமா? சத்தமே போடல. சத்தம் போட்டிருந்தா நானும் ரெண்டு சத்தம் போட்டிருப்பேன். நிதானமா, "சம்பந்தி, கல்யாணத்தன்னைக்கு எங்க ஆளுங்க எல்லாருக்கும் விரதம். நீங்க எங்களுக்குன்னு சமைக்க வேண்டாம். மாடியோ கீழயோ, உங்க வசதிப்படி பாத்துக்கிடுங்க"ன்னாரு. "என்ன விரதம்?"னு கேட்டேன் அண்ணாச்சி. கேட்டிருக்கக் கூடாது. "உங்க பஞ்சாங்கத்துல பாருங்க, இருக்கும்"னுட்டு வச்சிட்டாரு.

எவ்வளவு குத்தலு பாத்தியளா? ஒரு மரக்கடைக்காரருக்கு இவ்வளவு ஆகுமா?

நான் மங்கைக்கு போன் போட்டேன். நீ சொல்லி சரி பண்ணுன்னேன். அவ சொல்லுதா, "நான் என்னத்தச் சொல்ல? அவங்க உக்காராத பந்தியில நானும் உக்கார மாட்டேன். தாலி கட்டுன உடனே அவங்க கூட பட்டினியாக் கிளம்பிருவேன்"னு. கல்யாணப் பொண்ணு! அன்னைக்கு ஒரு நாளு அவளுக்குன்னு இலை போட்டு, மாப்பிள்ளை பக்கத்துல உக்கார வச்சு, அவ சிரிச்சுக்கிட்டே சாப்பிடுதத நான் பாக்கணும்னு... இதுக்குத்தானே அண்ணாச்சி இவ்வளவு பாடும்? சமையல்காரர்ட்ட நான் மொதல்ல சொன்னதே அவளுக்குப் பிடிச்ச பால் போளிதான். வேற என்னத்துக்கு நான் இந்த வெயில்ல அலையுதேன்?

அழுதுட்டேன். போன்லதான். ஆவுடை பாக்கல.

அப்புறம் மக கொஞ்சம் எறங்கி வந்தா. "ஞாயித்துக்கிழமை வாங்க. நானும் அங்க இருப்பேன். வந்து எல்லார் கூடவும் உக்காந்து ஒரு நேரம் சாப்பிடுங்க. மன்னிப்பு கின்னிப்பு ஒண்ணும் கேக்க வேண்டாம். நீங்க இலையில கை வச்சா மாமா எல்லாத்தையும் மறந்துருவாரு"ன்னா. அதான் இன்னைக்குப் போறேன். ஆவுடை நேத்தே காலண்டரக் கழட்டி பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டா. எல்லாத்தையும் பூட்டுதா இப்பம். நான் எதாவது நல்ல நாளு கிழமை பாத்துருவேனாம். இப்படியா ஒரு மனுஷன நம்பாம இருப்பாங்க?

சாப்பிட மாட்டேன்னு நான் சொல்லல. போவேன், உக்காருவேன், சாப்பிடுவேன். ஆனா சொல்லுதேன், எல்லாருமா சேந்து என்ன ஒரு மாதிரி ஆளா ஆக்கிட்டாவ. சம்மதம்னு முதல்ல சொன்னவன் நான். தெருவ எதிர்த்து நின்னவன் நான். அதெல்லாம் யாருக்கும் கணக்குல இல்ல. ஒரு வாய் சோறு சாப்பிடலங்கிறதுதான் எல்லாருக்கும் பெருசாப் போயிட்டு. 

காலியா? அடடா, எல்லாத்தையும் நானே தின்னுட்டனா? உங்களுக்கு? பேச்சு சுவாரசியத்துல கவனிக்கவே இல்ல அண்ணாச்சி. மன்னிச்சிக்கிடுங்க. தண்ணி இருக்கா? ஒரு மடக்கு குடுங்க. அப்பாடா. இப்பந்தான் கண்ணுல வெளிச்சம் வருது. வயிறு கும்முனு இருக்கு.

இருங்க, போன் அடிக்கி. மங்கைதான்.

சொல்லும்மா. ஆமா, வந்துட்டேன், இந்தா பக்கத்துல வந்துட்டேன். ஆங்? பஸ் ஸ்டாப்புல நிக்கியளா? யாரு, அவங்களும் வந்திருக்காவளா? எதுக்கும்மா இந்த வெயில்ல... இல்லம்மா, இன்னைக்கு ஒண்ணும் விரதம் இல்ல. சத்தியமா இல்ல. நீ நம்ப மாட்டியா? ஏன் ஒரு மாதிரி பேசுதேன்னா... ஒண்ணுமில்ல, பசியில பஸ்ல கொஞ்சம் சாப்பிட்டேன். இட்லி. கொஞ்சம்தான்... வயிறு கொஞ்சம் நெறஞ்ச மாதிரி இருக்கு. கடையில இல்லம்மா. பக்கத்து சீட்டுல ஒரு அண்ணாச்சி குடுத்தாரு. யாருன்னா... தெரியாதும்மா. கேக்கல. பேரு? பேரும் கேக்கல. நல்ல மனுஷன்மா. மங்கை? மங்கை, லைன்ல இருக்கியா? பேசும்மா.

...

வச்சிட்டா.

என்ன சொன்னா தெரியுமா அண்ணாச்சி? சொல்லுதா, "முன்ன பின்ன தெரியாதவங்க குடுத்தா உடனே வாங்கிச் சாப்பிடுவீங்க. தெரிஞ்சவங்க குடுத்தாத்தான் உங்களுக்கு விரதம், என்னப்பா?"ன்னு. கோவமாக்கூடச் சொல்லல. 

அண்ணாச்சி, நீங்க எந்த ஆளு... இல்ல. வேண்டாம். சொல்லாண்டாம். நீங்க சொல்லிராதீங்க.

இன்னொண்ணும் சொன்னா. அந்த அம்மா காலைலேருந்து சாப்பிடலையாம். மாத்திரையும் போடலையாம். "அண்ணே வந்த பொறவு அவரு கூடத்தான் உக்காருவேன்"னு சொல்லிட்டாவளாம். விடியுமுன்ன எந்திரிச்சு அதே சொதியத் திரும்ப வச்சிருக்காவளாம்.

இப்பம் நான் என்ன செய்ய? தொண்டை வரைக்கும் இருக்கு. இன்னைக்குப் பாத்து நெசமாவே எடம் இல்ல. இலை முன்னால உக்காந்து, வயிறு நெறஞ்சிருக்கு, முடியலன்னு சொன்னா யாரு நம்புவா? ஆவுடை நம்புவாளா? அந்த மனுஷன் தவசிக்கண்ணு நம்புவாரா? நானே நம்ப மாட்டேனே அண்ணாச்சி.

ஸ்டாப்பு வந்துட்டு. கண்டக்டர், ஒரு ஆளு எறங்கணும்! அந்தா, தெரியுதா, வேப்ப மரத்தடியில? பச்சச் சேல என் மக. பக்கத்துல நெத்தியில பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு நிக்காவல்லா, அவங்கதான். மகளோட தோளப் பிடிச்சுக்கிட்டு நிக்காவ பாருங்க. பஸ்ஸப் பாத்து கையாட்டுதாவ. அந்த அம்மா பசியோட நிக்காவ அண்ணாச்சி. நான் வயிறு முட்டத் தின்னுட்டு வாறேன்.